பக்கத்து வீட்டைப் பிடிக்க வாங்கிய பெட்டி

எங்கள் வீட்டில் டிரிப் பெட்டி வைத்ததற்கு ஒரே காரணம் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் திட்டம். கேட்டவர்களிடமெல்லாம், "காலம் மாறிப்போச்சு, இன்னமும் பீஸ் கட்டைய வச்சுக்கிட்டு அழ முடியுமா?" என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையை இப்போதுதான் எழுதுகிறேன்.

திண்டுக்கல் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. ஒரே ஆள் ஒரே சமயத்தில் கட்டி, இரண்டு பேருக்கு விற்ற இரட்டை வீடு. நடுவில் ஒரு பொதுச்சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் அவர்கள். கட்டியவர் மகா சிக்கனக்காரர். தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயை ஒன்றாகவே இழுத்து, சந்து வழியாகப் பின்பக்கம் கொண்டுபோய், பொதுச்சுவருக்குப் பக்கத்தில் இரண்டாகப் பிரித்துவிட்டிருந்தார். எங்கள் பின்வாசலில் ஒரு குழாய், அவர்கள் பின்வாசலில் ஒரு குழாய். எல்லாம் இரும்பு.

பக்கத்து வீட்டுக்காரர் நூற்பாலையில் பிட்டர். ஷிப்ட் வேலை என்பதால் எப்போது வீட்டில் இருப்பார், எப்போது இருக்கமாட்டார் என்று சொல்ல முடியாது. எனக்கு அதுவே முதல் சந்தேகம். மற்றபடி நல்ல மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார்கள்; கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குக் கேக் வரும், பொங்கலுக்கு அவர்களுக்கு இங்கிருந்து தூக்குவாளி போகும். அவர் என்னை 'சார்' என்பார். அவர் மனைவி 'அண்ணே' என்பார். என் மனைவிக்கு அந்த அம்மா 'அக்கா'. சுவருக்கு மேலே குழம்பும் பொரியலுமாக வெஞ்சனக் கிண்ணம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்க்கொண்டே இருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் லேப் உதவியாளர். பேட்டரியையும் அம்மீட்டரையும் காந்த ஊசியையும் வருடக்கணக்கில் துடைத்துத் துடைத்து அடுக்கியதில் எனக்கும் பாதி பிசிக்ஸ் வந்துவிட்டது. சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு டெஸ்டர் இருக்கும். தெருவில் யார் வீட்டில் பீஸ் போனாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். சந்தேகமோ எனக்குக் கூடவே பிறந்தது. பால்காரர் மேல் சந்தேகப்பட்டு லேபிலிருந்து பால்மானியை வீட்டுக்குக் கொண்டுவந்த ஆள் நான். பால் சரியாகத்தான் இருந்தது. பால்மானி பழுதாகியிருக்கும் என்று முடிவு செய்தேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் எங்கள் தெருவில் நிலத்துக்கடியில் இருந்த பழைய இரும்புக் குழாயைத் தோண்டி எடுத்துவிட்டு பிளாஸ்டிக் குழாய் பதித்தார்கள். கிட்டத்தட்ட அதே மாதத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு மோட்டார் வாங்கினார். ஊரெல்லாம் செய்கிற திருட்டுத்தான் அது. கோடையில் பத்து நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர் வரும், அதுவும் விடிவதற்கு முன்னால் நூலாக வரும். குழாயில் மோட்டாரை மாட்டி உறிஞ்சினால்தான் தொட்டி நிறையும். அதிகாரிகள் கண்ணில் படாமல் இருக்க மோட்டாரைக் குழிக்குள் இறக்கி, மேலே கல்லைப் போட்டு மூடி, அந்தக் கல்லிலேயே துணி துவைப்பார்கள். தெருவில் பாதி வீட்டில் அப்படிக் கல் உண்டு. ஆனால் என் பொதுச்சுவரை ஒட்டி இருந்தது அவர் வீட்டுக் கல் மட்டும்தான்.

அடுத்த தண்ணீர் நாளிலேயே ஆரம்பித்தது. குழாய் காற்றை ஊதும் சத்தத்துக்கு நாங்கள் எழுந்துகொள்வோம். நான் குளியலறைக்குள் போய்விடுவேன், என் மனைவி பின்வாசலில் குடம் வைப்பாள். அது வழக்கம். அன்றைக்கு வெளியிலிருந்து சத்தம் போட்டாள்.

"இங்கன வாங்க. குழாயத் தொட்டா கை ஜிவ்வுங்குது."

குளியலறை விளக்கை அணைத்துவிட்டு, துண்டோடு வந்து, டெஸ்டரைக் குழாயில் வைத்தேன். டெஸ்டர் எரியவில்லை. கையால் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"தூக்கக் கலக்கம் ஒனக்கு" என்றேன்.

"ஒங்க டெஸ்டருக்கு என்ன தெரியும்? என் கைக்குத் தெரியுதுல்ல."

மறு தண்ணீருக்கும் அதே கதை. நான் உள்ளே குளிக்கும்போது அவளுக்கு ஜிவ்வென்று இருக்கும். நான் வெளியே வந்து டெஸ்டரை வைத்தால் ஒன்றும் இருக்காது. மூன்றாவது தடவை எனக்குப் புரிந்துவிட்டது. மோட்டார்தான். அது குழிக்குள் ஈரத்தில் கிடந்து குழாயில் கரண்ட் கசிகிறது. நான் டெஸ்டரோடு வரும் சத்தம் கேட்டதும் அந்தப் பக்கம் அணைத்துவிடுகிறான். மனத்துக்குள் அவரை 'அவன்' என்று சொல்ல ஆரம்பித்தது அன்றிலிருந்துதான்.

இன்னொரு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. எங்கள் குளியலறை பல்பு கோடையில் மங்கலாக எரியும். மழை பெய்த மறுநாள் பளிச்சென்று எரியும். மழை பெய்தால் தொட்டியில் தண்ணீர் இருக்கும், அவனுக்கு மோட்டார் தேவைப்படாது. ஆக, பொதுச்சுவருக்குள் எங்கேயோ என் லைனில் கொக்கி போட்டு என் கரண்டிலேயே மோட்டார் ஓட்டுகிறான். கணக்கு எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது என்று எனக்கே என் மேல் மதிப்பு வந்தது.

என் மனைவி செருப்புப் போட்டுக்கொண்டு, ஒரு பலகையின் மேல் நின்று, எவர்சில்வர் குடத்தை விட்டுவிட்டு பிளாஸ்டிக் குடத்தில் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். எங்கள் ஊரில் எத்தனையோ பெண்கள் கிரைண்டருக்கு முன்னால் அப்படிப் பலகை போட்டு நிற்கிறார்கள். ஷாக் அடித்தால் சாமானை யாரும் மாற்றுவதில்லை, பலகையைத்தான் தேடுவோம்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு யாரும் பலகை போடச் சொல்லவில்லை. அவருக்கும் அந்த ஜிவ்வு இருந்திருக்கிறது. மோட்டார் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று பயந்து சொல்லாமல் இருந்திருக்கிறார். ஒரு தண்ணீர் நாளில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று, இடுப்பில் பித்தளைக் குடத்தோடு குழாயைப் பிடித்தவரை அது தூக்கிப்போட்டுவிட்டது. கல்லின் மேல் விழுந்ததில் முழங்கை எலும்பு முறிந்தது. அலறல் கேட்டு நான் தலையில் சோப்பு நுரையோடு ஓடினேன். ஆளை ஆட்டோவில் ஏற்றிய கையோடு, தெருவே கூடி நிற்கும்போது, நான் பேசினேன்.

"மோட்டார எடு எடுன்னு எத்தன தடவ ஜாடையாச் சொன்னேன்? கேட்டியா? ஓசிக் கரண்டுல தண்ணி உறிஞ்சுறவன் பொண்டாட்டி கை ஒடியத்தான் செய்யும்."

இந்த வாக்கியத்தை எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் அன்றைக்கு வாய் கூசவில்லை.

ஆட்டோவில் ஏறப்போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று திரும்பினார். "ஓசிக் கரண்டா? சார், என்ன சொல்றீங்க?" என்றார். வேறொன்றும் பேசவில்லை. அவர் பேசாததையே நான் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அவர் மோட்டாரை விற்றுவிட்டார். பார்த்தாயா, பயந்துவிட்டான் என்றேன் மனைவியிடம். ஆனால் குழாயில் ஷாக் நிற்கவில்லை. வேறு சின்ன மோட்டாராக வாங்கி ஒளித்து வைத்திருக்கிறான் என்றேன். அடுத்ததாக அவர் தம் வீட்டுப் பின்பக்க வயரிங்கையே மொத்தமாகப் பிடுங்கிப் போட்டார். இரவில் அவர்கள் பின்பக்கம் போவதென்றால் அரிக்கேன் விளக்கோடு போவார்கள். தடயத்தை அழிக்கிறான் என்றேன். அந்த அம்மா கைக்கட்டுப் பிரித்த பிறகு அந்தக் குழாய்ப் பக்கமே போகவில்லை. தெருமுனை அடிபம்புக்குப் போய், நல்ல கையால் அடித்து, மற்றக் கையால் அணைத்துத் தண்ணீர் சுமந்தார். நாங்கள் தொடும் குழாயைத் தொடமாட்டாளாம், திமிரைப் பார் என்றேன். வழியில் எதிரே பார்த்தால் "அண்ணே" போய்விட்டது. "சார்" என்று ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொள்வார். சுவருக்கு மேலே கிண்ணம் போவதும் நின்றது. நின்றது என்று நான் நினைத்திருந்தேன். நான் பள்ளிக்கூடம் போனபின் போய்க்கொண்டுதான் இருந்திருக்கிறது.

"ஒங்களுக்கு ஊர்ல அம்புட்டுப் பேரு மேலயும் சந்தேகம். அந்தாளு பாவம்ங்க" என்பாள் மனைவி.

"பாவம்னா ஷாக் ஏன் இன்னும் அடிக்குது?"

அதற்குப் பதில் என்னிடம் இருந்ததாக நினைத்தேன்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று வருடம் இருக்கும். எங்கள் பள்ளி பிசிக்ஸ் ஆசிரியர் தம் வீட்டுக்கு டிரிப் பெட்டி வைத்ததாகச் சொன்னார். பீஸ் கட்டையெல்லாம் போய், அறைக்கொரு சின்ன சுவிட்ச். அதற்கெல்லாம் மேலே இன்னொரு பெரிய சுவிட்ச் உண்டு. வீட்டுக்குள் போன கரண்ட் முழுதும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வேறு வழியில் கசிந்து போனாலும் பட்டென்று விழுந்து மொத்த வீட்டையும் அணைத்துவிடும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. என் லைனில் அவன் கை வைத்த மறுகணம் பெட்டி காட்டிக்கொடுத்துவிடும். எந்த அறை சுவிட்சைப் போட்டால் விழுகிறதோ அந்த அறைச் சுவரில்தான் கொக்கி. தெருவைக் கூட்டி, சுவரை உடைத்துக் காட்டிவிடலாம்.

சின்னாளப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். ஐம்பதை நெருங்கிய ஆள், மொபெட்டில் வருவார், அதிகம் பேசமாட்டார். பேசாதவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு கண். பெட்டியை என் முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்றேன். வயர்ச் சுருளின் இரண்டு முனையிலும் சிவப்பு மையால் புள்ளி வைத்தேன், பாதியை மாற்றிவிடக்கூடாது அல்லவா. மெயினுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவர் பழைய மரப்பலகையிலிருந்து பீஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒன்றில் மெல்லிய பீஸ் கம்பிக்குப் பதிலாக ஆணி மொத்தத்துக்கு முறுக்கிய செம்புக் கம்பி இருந்தது.

"இது யாரு சார் போட்டது? வீடே தீப்பிடிச்சாலும் இந்தப் பீஸ் போகாது" என்றார்.

நான்தான் போட்டது. அடிக்கடி போகிறது என்று தடிமனாகப் போட்டிருந்தேன். "முன்னாடி ஒரு ஆள் வந்தான்" என்றேன்.

எர்த்துக்குப் பின்வாசலில் குழி தோண்டி, குழாயை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு நிரப்பினார். பொதுச்சுவரிலிருந்து ஆறடி தள்ளித் தோண்டச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அறுத்துவிட்ட வயர் முனைகளும், சுவரில் தொங்கிய அரிக்கேன் விளக்கும்தான் தெரிந்தன. கடப்பாரையை எடுத்துத் தோண்டினார்.

சாயங்காலம் நாலு மணிக்குப் பெட்டி சுவரில் ஏறிவிட்டது. வரிசையாகக் கறுப்புச் சுவிட்சுகள். கீழே ஒவ்வொன்றுக்கும் என் கையெழுத்தில் சீட்டு ஒட்டினேன். ஹால், சமையல்கட்டு, படுக்கை, பின்பக்கம். அவர் மெயினைப் போட்டார். ஹால் விளக்கு, பேன், மிக்சி, கிரைண்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எதுவும் விழவில்லை.

"பின்னாடி பாத்ரூம்ல?" என்றார்.

"அங்க ஒத்தப் பல்புதான். அதுல என்ன இருக்கு" என்று சொல்லிவிட்டேன். இத்தனை நேரமும் ஒன்றும் விழவில்லையே என்ற ஏமாற்றம் எனக்கு. இன்றைக்கு வேலை நடக்கிறது என்று தெரிந்து கொக்கியை எடுத்துவிட்டானோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

இருட்டி ஒரு ஏழு மணி இருக்கும். என் மனைவி பின்பக்கம் போனாள். பட்டென்று ஒரு சத்தம். வீடு முழுக்க இருட்டு.

"விழுந்துருச்சு! பிடிச்சாச்சு!" என்று கத்திக்கொண்டே தீப்பெட்டியைத் தேடினேன். பெட்டியில் பெரிய சுவிட்ச் கீழே கிடந்தது. தூக்கிவிட்டேன். மறுபடி பட்டென்று விழுந்தது. மறுபடி தூக்கினேன், மறுபடி விழுந்தது. மனைவி இருட்டில் தடவிக்கொண்டு வந்தாள்.

"பாத்ரூம் லைட்டப் போட்டேன், போயிருச்சு. அணைச்சுட்டு வாரேன், இப்பத் தூக்குங்க."

தூக்கினேன். நின்றது.

அவள் போய் மறுபடி போட்டாள். விழுந்தது.

"அந்த லைட்டுலதான் என்னமோ இருக்கு" என்றாள்.

"நாப்பது வாட்ஸ் பல்பு என்னடி செய்யும்? அந்தச் சுவருக்குள்ளதான் அவன் கொக்கி போட்டிருக்கான். காலையில எலக்ட்ரீஷியன வரச் சொல்லி, தெருவக் கூட்டி உடைக்கிறேன் பாரு."

அன்றிரவு மெழுகுவத்தி வெளிச்சத்தில் குளியலறைக்குப் போய்வந்தோம். எனக்கு அது வெற்றி விளக்காகத்தான் தெரிந்தது. தெருவில் யார் யாரைக் கூப்பிடுவது என்று படுத்துக்கொண்டே யோசித்தேன். நல்லவேளை, காலையில் எலக்ட்ரீஷியன் எல்லாரையும்விட முன்னால் வந்துவிட்டார்.

அவர் சுவரை உடைக்கவில்லை. பல்பைக் கழற்றினார், ஹோல்டரைத் திறந்தார், இரண்டு வயரையும் பிரித்துத் தம் டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பார்த்தார். ஒரு வயர் சுவிட்சிலிருந்து வந்தது. இன்னொன்று சுவருக்குள் போகாமல், ஜன்னல் கட்டை ஓரமாக வெளியே இறங்கியது. மேலே பல வருடத்துச் சுண்ணாம்பு. விரலால் சுரண்டிக்கொண்டே பின்தொடர்ந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். அது பொதுச்சுவர்ப் பக்கம் போகும் என்று ஒவ்வொரு அடிக்கும் எதிர்பார்த்தேன். போகவில்லை. நேராக இறங்கி, எங்கள் குழாய்க்குப் பின்னால் ஒளிந்தது. அங்கே இரும்புக் குழாயில் ஏழெட்டுச் சுற்றுச் சுற்றி, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது.

எலக்ட்ரீஷியன் டேப்பைப் பிரித்தார். உள்ளே பச்சை நூல் சுற்றிய வயர்.

அந்த வயர் எந்தக் கடையிலும் கிடைக்காது. லேபில் பேட்டரியிலிருந்து அம்மீட்டருக்கு மாட்டுகிற வயர் அது.

எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த புதிதில் ஒருநாள் குளியலறை பல்பு எரியவில்லை. நியூட்ரல் வயர் பூச்சுக்குள் எங்கோ அறுந்துவிட்டது. கொத்தனாரைக் கூப்பிட்டுச் சுவரை உடைக்க வேண்டும். நான் என்னுடைய பாதி பிசிக்ஸை யோசித்தேன். பல்பு எரிய வேண்டுமானால் கரண்ட் எப்படியாவது பூமிக்குப் போனால் போதும். இரும்புக் குழாய் ஊர் முழுக்க மண்ணுக்குள்தானே போகிறது? லேபிலிருந்து ஒரு துண்டு வயர் கொண்டுவந்து பல்பின் ஒரு முனையைக் குழாயில் கட்டினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. எனக்கே என்னை மெச்சிக்கொள்ளத் தோன்றியது. அப்புறம் சுண்ணாம்பு அடித்தோம், மறந்துவிட்டேன்.

"தெருவுல இரும்புக் குழா இருந்த வரைக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றார் எலக்ட்ரீஷியன். "பிளாஸ்டிக் மாத்துன பெறகு இந்த ரெண்டு வீட்டுக் குழா மட்டும் தனியா நிக்கிது. இந்த லைட்டப் போட்டா ரெண்டு வீட்டுக் குழாயிலயும் கரண்டு. மண்ணு காஞ்சா ஷாக் கூட, ஈரமா இருந்தா கொறச்சல். நடுவுல பல்பு இருந்ததுனால ஆளுக பொழச்சிருக்கீங்க சார். நேர் லைனா இருந்தா பொணந்தான்."

மங்கலாக எரிந்த பல்பு, மழைக்கு மறுநாள் வந்த வெளிச்சம், நான் விளக்கை அணைத்துவிட்டு வந்ததும் காணாமல் போன ஷாக், மோட்டாரை விற்ற பிறகும் நிற்காத ஷாக். ஒவ்வொன்றையும் வருடக்கணக்கில் நான்தான் எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறேன். எல்லாம் என் பக்கமே கையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கின்றன.

"யாரு சார் இந்த வேலையப் பாத்தது?"

"முன்னாடி ஒரு ஆள் வந்தான்" என்றேன். இரண்டாவது தடவையாக அதே ஆள். அவர் என் முகத்தைப் பார்த்தார். "வயர்மேன் இப்பிடி முடிச்சுப் போட மாட்டான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்டுக் குறடால் வயரை அறுத்தார். பூச்சைக் கொத்திப் புதிதாக நியூட்ரல் இழுத்தார். பல்பைப் போட்டார். பெட்டி விழவில்லை.

என் மனைவி அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். கையில் அந்தப் பச்சை வயர்த் துண்டு.

"அன்னிக்கு நீங்க ஏறி நின்ன ஸ்டூல நான்தான பிடிச்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள். "என்கிட்டயுமா 'ஒரு ஆள் வந்தான்'னு சொல்லப்போறீங்க?"

வயரை வாங்கக் கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

"அக்காட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. ஒங்களுக்குப் பதிலா நானோ வேற யாருமோ போகக்கூடாது."

அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. ஒரு மனுஷியைக் கொல்லப் பார்த்திருக்கிறேன். கொல்லப் பார்த்ததற்கு அவள் புருஷனைத் தெருவில் நிற்க வைத்து ஏசியிருக்கிறேன். அப்படியிருந்தும், பக்கத்து வீட்டு வாசலுக்குப் போவதற்குள் மனத்தில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். நாலிலும் என் பெயர் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் முதல் ஷிப்டுக்குப் போயிருந்தார். அந்த அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முறிந்த கை முழுதாக நீளவில்லை, முழங்கையில் கொஞ்சம் மடங்கியே நின்றது.

"எங்க பக்கம் பழைய வயர் ஒண்ணு குழாயில பட்டுக்கிட்டு இருந்திருக்கு. இப்ப எடுத்தாச்சு. இனிமே நீங்க தைரியமாக் குழாயில தண்ணி பிடிக்கலாம்" என்றேன்.

"யாரு போட்ட வயரு சார்?"

மூன்றாவது தடவையும் அந்த ஆள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டான். அந்தக் கையைப் பார்த்தேன்.

"நான் போட்டது" என்றேன். "பாத்ரூம் லைட்டுக்காக நான்தான் போட்டேன். ஒங்க வீட்டு மோட்டாருல ஒண்ணுமில்ல. ஒங்க வீட்டுக்காரரு மேல ஒரு தப்பும் இல்ல."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பால்காரரைப் பார்க்கிற பார்வை அது.

"எடுத்தாச்சுன்னு நீங்க சொல்றீங்க" என்றார். "அடுத்த தண்ணிக்கு நான் வாரேன். நீங்க பிடிச்சுக் காட்டுங்க."

ஆறு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. இன்னும் விடியவில்லை. குழாய் காற்றை ஊதி முடிப்பதற்குள் அந்த அம்மா எங்கள் பின்வாசலில் வந்து நின்றுவிட்டார். கையில் குடம் இல்லை.

"மொதல்ல பாத்ரூம் லைட்டப் போடச் சொல்லுங்க."

மனைவி போட்டாள். வெளிச்சம் ஜன்னல் வழியாகத் தரையில் விழுந்தது.

"செருப்பக் கழட்டுங்க சார்."

கழற்றினேன்.

"அந்த ஈரத்துல நில்லுங்க."

நின்றேன். கையை நீட்டியவன் பாதியில் நிறுத்தினேன். அந்த ஒரு நொடியில் எனக்கு எல்லார் மேலும் சந்தேகம் வந்தது. எலக்ட்ரீஷியன் ஒழுங்காக அறுத்தாரா? பெட்டி நேரத்துக்கு விழுமா? வேறெங்காவது நான் எதையாவது கட்டி வைத்து மறந்திருக்கிறேனா? என் மேலும் சந்தேகம் வந்தது அப்போதுதான், அதுவரை வாழ்ந்ததில் முதல்முறையாக. குழாயைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"விடாதீங்க. செத்த நேரம் இருங்க" என்றார்.

நான் பிடித்துக்கொண்டே நின்றேன். தண்ணீர் என் விரல்களில் வழிந்து காலில் விழுந்தது. அவர் என் கையைப் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் கணவர் இருமுவது கேட்டது.

"கை ஒடிஞ்சதுல இருந்து நான் அவரத்தான் சார் திட்டி வஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றார் மெதுவாக. "ஒம் மோட்டாருதான் என்னையத் தள்ளிவிட்டுச்சுன்னு. மோட்டார வித்த பெறகும் ஷாக் அடிச்சுச்சா, என்கிட்ட எதையோ மறைக்கிறயான்னு கேட்டேன். வேதபுத்தகத்துல கை வச்சுச் சத்தியம் பண்ணாரு. நான் நம்பல சார். வயரையெல்லாம் பிடுங்கிப் போட்டது என்னைய நம்ப வைக்கத்தான். அப்பவும் நம்பல. சார் படிச்சவரு, லேப்புல இருக்குறவரு, தெரியாமச் சொல்லுவாரான்னு ஒங்களத்தான் நம்புனேன்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை அந்த இடத்துக்குப் போதாது என்று எனக்கே தெரிந்தது.

"ஆறு நாளா அவருட்ட இன்னும் சொல்லல" என்றார். "நெசமான்னு பாக்காமச் சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். இப்பப் பாத்துட்டேன். ஆனா இத்தன வருசம் வஞ்சுட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் போய்ச் சொல்ல? நீங்களே வந்து சொல்லுங்க சார்."

குழாயை மூடினேன். ஈரக் காலோடு அவர் பின்னாலேயே நடந்தேன்.